பெட்டி பொதுவா இருக்கட்டும், சாவி பொதுவா வேண்டாம்

மக்கா, இன்னும் ஆறு மாசத்துலயோ ஒரு வருஷத்துலயோ நம்மில் பாதிப் பேர் ஏதாவது ஒரு ஆபீஸ் வாசலில் நிற்போம். முதல் நாள் கையில் கிடைக்கிற சாமான் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஐடி கார்டு, பேக்டரின்னா ஹெல்மெட்டும் சேஃப்டி ஷூவும், உட்கார ஒரு நாற்காலி. அதோட, பல இடங்களில், மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. அதில் ஆபீஸ் மெயில் ஐடி, கீழே பாஸ்வேர்டு. "தம்பி, எல்லாரும் இதுலதான் பாக்கோம், நீயும் இதுலயே பாத்துக்கோ" என்று அண்ணாச்சி ஒருவர் சொல்லுவார்.

அந்தச் சீட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். பல பேர் சேர்ந்து ஒரு மெயில் பெட்டியைப் பார்ப்பதில் தப்பே இல்லை. வேலை நடக்கணும்னா அது தேவை. ஒரே பாஸ்வேர்டைப் பல பேர் வைத்துக்கொள்வதுதான் தப்பு. இந்த ரெண்டும் ஒண்ணுன்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். அந்தக் குழப்பத்துக்கு விலை கொடுக்கப்போறது பெரும்பாலும் மேனேஜராக இருக்காது. கடைசியாகச் சேர்ந்தவர்தான் கொடுப்பார். அதாவது நீங்களும் நானும்.

பொதுப் பெட்டி ஏன் வேணும்?

நம்ம பக்கத்து வேலையையே எடுத்துக்குவோம். தூத்துக்குடி துறைமுகத்தை நம்பி எத்தனை ஆபீஸ்! கிளியரிங் ஏஜென்ட், ஷிப்பிங் ஏஜென்ட், உப்பு வியாபாரம், இறால் ஏற்றுமதி. ஒரு கன்டெய்னர் கப்பலேறணும்னா புக்கிங், ஷிப்பிங் பில், துறைமுகத்துக்குள்ளே போக வேண்டிய கடைசி நேரம், பில் ஆஃப் லேடிங் டிராஃப்ட் என்று மெயில் வந்துகொண்டே இருக்கும். வாங்குபவர் ஐரோப்பாவில் இருந்தால், நமக்குச் சாயங்காலம் ஆகும்போதுதான் அவர் ஆபீஸில் வேலை சூடு பிடிக்கும். இங்கே காலை ஷிப்ட் ஆள் வீட்டுக்குப் போயிருப்பார், இரவு ஆள் உட்கார்ந்திருப்பார்.

இந்த மெயில் எல்லாம் ஒரு ஆளுடைய சொந்த ஐடிக்கு வந்தால் என்ன ஆகும்? அவர் கந்தசஷ்டிக்குத் திருச்செந்தூர் போய்விட்டால் வேலை நின்றுவிடும். வேலையை விட்டே போய்விட்டால், பழைய கஸ்டமர்கள் ஒரு வருஷம் வரைக்கும் ஆளில்லாத பெட்டிக்கே எழுதிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் ஆள் பேரில் இல்லாமல் வேலையின் பேரில் ஒரு முகவரி வேணும். ஆள் மாறலாம், முகவரி மாறக்கூடாது.

இது இன்றைக்கு நேற்று வந்த யோசனை இல்லை. மெயில் எப்படி எழுதப்பட வேண்டும் என்று வரையறுத்த ஆர்.எஃப்.சி. 822 வந்தது 1982-இல். அதிலேயே 'போஸ்ட்மாஸ்டர்' என்ற பெயரை ஒதுக்கி வைத்திருந்தார்கள். எந்த ஊர் மெயில் சர்வராக இருந்தாலும் அந்தப் பெயருக்கு எழுதினால் பொறுப்பான ஒருவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. அதை எழுதிய டேவிட் கிராக்கரே 1997-இல் ஆர்.எஃப்.சி. 2142 எழுதினார். இன்ஃபோ, சேல்ஸ், சப்போர்ட், மார்க்கெட்டிங், அப்யூஸ், வெப்மாஸ்டர் என்று இன்றைக்கு எல்லா கம்பெனி வெப்சைட்டிலும் பார்க்கிற பெயர்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம்ம ஊர் அரசாங்கமும் இதைத்தான் செய்தது. மத்திய அரசு 2014-இல் கொண்டுவந்த மின்னஞ்சல் கொள்கையில் ஆள் பேரில் ஒரு ஐடி, பதவியின் பேரில் ஒரு ஐடி என்று ரெண்டு வகை உண்டு. அதிகாரி மாற்றலாகிப் போனால் பதவி ஐடி நாற்காலியோடு தங்கிவிடும்.

ஆக, பொதுப் பெட்டி நல்ல ஏற்பாடு. கெட்டுப்போவது அதைத் திறக்கிற முறையில்.

ஒரே பாஸ்வேர்டு, ஆறு பேர்

ஆறு பேர் ஒரே லாகினில் உட்கார்ந்தால் என்னென்ன நடக்கும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல் கோளாறு ரொம்பச் சின்னது, ஆனால் தினசரி நடப்பது. ஒருவர் ஒரு மெயிலைத் திறந்தவுடனே அது 'படிச்சாச்சு' ஆகிவிடும். தடித்த எழுத்து போய் மெல்லிய எழுத்து வரும். அடுத்த ஐந்து பேரும் "யாரோ பாத்துட்டாங்க" என்று தாண்டிப் போவார்கள். திறந்தவரோ டீ குடிச்சுட்டு வந்து பதில் போடலாம் என்று எழுந்திருப்பார். கட்-ஆஃப் மாலை 4 மணிக்கு என்று சொல்லும் மெயில் அது என்று வச்சுக்குங்க. ஐந்து மணிக்குத்தான் ஆபீஸே விழிக்கும்.

பழைய ஆபீஸ்களில் இதைவிட மோசமான ஒண்ணு உண்டு. அங்கே இன்னும் பாப்-3 முறையில் மெயிலை இறக்கிக்கொள்வார்கள். அந்த முறையே ஒரு பெட்டிக்கு ஒரு ஆள் என்ற எண்ணத்தில் பிறந்தது. 1996-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1939 படி, ஒரு கம்ப்யூட்டர் உள்ளே நுழைந்ததும் சர்வர் அந்தப் பெட்டியை அவருக்கு மட்டும் என்று பூட்டிவிடும். அவர் வெளியே வரும் வரை அடுத்தவர் உள்ளே போக முடியாது. 'சர்வரில் ஒரு காப்பி வை' என்ற டிக் போடாமல் விட்டிருந்தால், முதலில் இறக்கிய கம்ப்யூட்டருக்கு மட்டுமே மெயில் போய்ச் சேரும். மற்றவர்களுக்கு அப்படி ஒரு மெயில் வந்ததே தெரியாது. "எனக்கு வரவே இல்லை சார்" என்று அவர்கள் சொல்வது சத்தியமான உண்மையாக இருக்கும். யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, ஓ.டி.பி. பாஸ்வேர்டு மட்டும் போதாது, போனில் ஒரு நம்பர் வரணும் என்பது இன்றைக்கு அடிப்படைப் பாதுகாப்பு. ஆறு பேர் பெட்டிக்கு யார் போன்? யாராவது ஒருவர் போன்தான். அவர் லீவில் போனால் ஆபீஸே அவருக்குப் போன் போட்டு "அண்ணாச்சி, நம்பர் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கும். நாலு நாள் அப்படிக் கஷ்டப்பட்ட பிறகு ஒரு புண்ணியவான் அந்த இரட்டைப் பூட்டையே அணைத்துவிடுவார். பாஸ்வேர்டு பகிர்ந்ததால் போன இன்னொரு பாதுகாப்பு அது.

மூன்றாவது, வேலையை விட்டுப் போனவர். போனவருக்கு பாஸ்வேர்டு தெரியும். ஒழுங்காக நடந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். மாற்றினால் மீதி ஐந்து பேருக்கும் சொல்ல வேண்டும், நாலு கம்ப்யூட்டர், ரெண்டு போன், ஒரு ஸ்கேனர் எல்லாவற்றிலும் புதுசாகப் போட வேண்டும். அதனால் யாரும் மாற்றுவதில்லை. போட்டிக் கம்பெனியில் சேர்ந்துவிட்ட ஒருவரால், நம்ம விலைப்பட்டியலை உட்கார்ந்த இடத்திலிருந்தே படிக்க முடிகிறது.

நான்காவதுதான் பெரிசு. யார் அனுப்பினார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. "சர்வர் லாக் இருக்குமே" என்று நம்ம நெட்வொர்க்ஸ் பேப்பரில் நல்ல மார்க் வாங்கின யாராவது கேட்கலாம். லாக் இருக்கும். அதில் கணக்கின் பெயர் இருக்கும், ஐ.பி. முகவரி இருக்கும். கணக்கு ஆறு பேருக்கும் ஒண்ணு. ஐ.பி.? ஆபீஸில் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே ரவுட்டருக்குப் பின்னால் 'நேட்' வழியாகத்தான் வெளியே போகின்றன. வெளியே இருக்கிற மெயில் சர்வருக்கு ஆறு பேரும் ஒரே ஐ.பி.யாகத்தான் தெரிவார்கள். அந்த லாகை வைத்து ஆறு பேரில் ஒருவரைப் பிரித்தெடுக்க முடியாது.

தப்பு நடந்தால் யார் தலையில்?

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 11-ஆம் பிரிவு, ஒரு மின்னணுப் பதிவு யாருடையது என்று சொல்கிறது. அவரே அனுப்பியிருந்தால் அவருடையது. அவர் சார்பில் செய்ய அதிகாரம் உள்ள ஒருவர் அனுப்பியிருந்தாலும் அவருடையதுதான். கம்பெனிப் பெட்டியிலிருந்து, அந்த வேலைக்கென்று நியமித்த ஆள் "இந்த விலைக்குச் சம்மதம்" என்று அனுப்பிவிட்டால், அது கம்பெனியின் பேச்சு. 13-ஆம் பிரிவு இன்னும் சுவாரசியம். ரெண்டு பேரும் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாத வரை, 'இந்த முகவரிக்கு அனுப்புங்க' என்று நாம் குறித்துக் கொடுத்த பெட்டிக்குள் மெயில் நுழைந்த நேரமே நமக்குக் கிடைத்த நேரம். யார் படித்தார், படிக்கவில்லை என்பது அங்கே கேள்வியே இல்லை.

அதாவது வெளியே கம்பெனி மாட்டிக்கொள்ளும். வெளியே மாட்டிய கம்பெனி உள்ளே திரும்பி ஒரு ஆளைத் தேடும். ஆறு பேரில் யார்? லாக் சொல்லாது. அப்போது ஆபீஸ் என்ன செய்யும் என்று ஊகிக்க பெரிய படிப்பு வேண்டாம். இருபது வருஷம் இருக்கிற அண்ணாச்சியைக் கேட்க மாட்டார்கள். முதலாளியின் மச்சானைக் கேட்க மாட்டார்கள். "புதுசா வந்த பையன்தான் ஏதோ அமுக்கிருப்பான்" என்பார்கள். நான் அனுப்பவில்லை என்று நிரூபிக்க உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது. பொதுப் பாஸ்வேர்டில் குற்றவாளி தப்பிக்கிறார் என்பது பாதிக் கதை. குற்றமே செய்யாதவர் தப்பிக்க முடியாமல் போகிறார் என்பதுதான் மீதி.

இதையே தனக்குக் கேடயமாகப் பிடிக்கிறவர்களும் உண்டு. 2017 டிசம்பரில் பிரிட்டனில் ஒரு சர்ச்சை. ஒரு அமைச்சரின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த விஷயத்துக்கு அவர்தான் பொறுப்பா என்று விவாதம் ஓடியது. அவருக்கு ஆதரவாக நாடின் டோரிஸ் என்ற எம்.பி. ட்விட்டரில் எழுதினார்: தன் ஊழியர்கள் தினமும் தன் லாகினில்தான் நுழைகிறார்கள், பயிற்சிக்கு வந்து போகிற மாணவர்கள் உட்பட. தொகுதி மக்கள் அனுப்பும் ஏகப்பட்ட மெயிலுக்கு உதவியாளர்கள்தானே பதில் போட முடியும் என்பது அவர் பக்கத்து நியாயம். தானும் பாஸ்வேர்டு மறந்து ஊழியர்களிடம் கேட்பதுண்டு என்று இன்னொரு எம்.பி.யும் சேர்ந்துகொண்டார்.

அந்த மெயிலில் என்ன இருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. வீடு போனவர், வியாதிக்காரர், புருஷன் அடிக்கிறான் என்று எழுதும் பெண். அவர்கள் எம்.பி.யை நம்பி எழுதியது, நாலு வாரம் பயிற்சிக்கு வந்த யாரோ ஒருவர் கண்ணில் படுகிறது; யார் கண்ணில் பட்டது என்ற பதிவும் இல்லை. தகவல் பாதுகாப்பை மேற்பார்க்கும் ஆணையர் அலுவலகம் எம்.பி.க்களுக்குச் சட்டத்தை நினைவுபடுத்த வேண்டியதாயிற்று. பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் அப்போது எழுதிய பதில்தான் என் கட்டுரைக்கும் அடிப்படை: உதவியாளர் மெயிலைப் பார்க்கணும் என்பது நியாயமான தேவை, அதற்கு 'டெலிகேஷன்' என்ற வசதி ஏற்கெனவே இருக்கிறது, பாஸ்வேர்டு கொடுக்க வேண்டியதே இல்லை.

நம்ம நாட்டில் இதன் பெரிய உருவத்தை 2018 பிப்ரவரியில் பார்த்தோம். பஞ்சாப் நேஷனல் வங்கி, மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் சுமார் 11,400 கோடி ரூபாய் மோசடி என்று பங்குச் சந்தைக்கு அறிவித்தது. நீரவ் மோடி வழக்கு என்று சொன்னால் தெரியும். அங்கே மெயில் இல்லை, 'ஸ்விஃப்ட்' என்ற வங்கிச் செய்தி முறை. ஆனால் தத்துவம் ஒண்ணுதான். அந்த முறையில் ஒருவர் செய்தியைத் தயாரிக்க வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து அனுப்ப வேண்டும். ஊழியர்களின் பாஸ்வேர்டு கைமாறியது என்பது விசாரணையில் எழுந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. பாஸ்வேர்டு கைமாறினால் அந்த ரெண்டு பேர் ஏற்பாடு காகிதத்தில் மட்டுமே இருக்கும். நிஜத்தில் ஒரே ஆள் ரெண்டு பேராக நடிக்கலாம்.

சாகுபுரம் சொல்லித் தரும் பாடம்

இதற்கு விடை தேடி சிலிக்கான் வேலி வரை போக வேண்டாம். திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயிலில் ஏறி ஆறுமுகநேரிப் பக்கம் எட்டிப் பார்த்தால் போதும். சாகுபுரம் என்ற பெயரே டி.சி.டபிள்யூ. ஆலையோடு வந்த பெயர். 1950-களின் கடைசியில் காஸ்டிக் சோடா உற்பத்திக்காக உருவான ஊர். பக்கத்து உப்பளங்களின் உப்பு, கரைசலாகி, அதில் மின்சாரம் பாய்ந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் ஹைட்ரஜனும் ஆகும். நம்ம கெமிக்கல், மெக்கானிக்கல் பசங்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

இந்த மாதிரி ரசாயன ஆலைகளுக்கென்று உலகம் முழுக்க ஒரு பாதுகாப்பு முறை இருக்கிறது. லாக்அவுட்-டேக்அவுட். ஒரு பம்பைப் பழுது பார்க்க ஆறு பேர் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே யாரும் தெரியாமல் ஸ்விட்சைப் போட்டுவிட்டால் உள்ளே கை வைத்தவர் கதி அவ்வளவுதான். அதனால் மின்சாரத்தை நிறுத்தி ஸ்விட்சில் பூட்டு போடுவார்கள். ஒரு பூட்டு போட்டு ஒரு சாவியை மேஸ்திரி கையில் கொடுத்தால் போதாதா? போதாது. ஆறு ஓட்டை உள்ள ஒரு கொண்டியை மாட்டி, ஆறு பேரும் அவரவர் பூட்டைத் தொங்கவிடுவார்கள். பூட்டில் அவரவர் பெயர் எழுதின அட்டை. வேலை முடிந்தவர் தன் பூட்டைத் தானே கழற்ற வேண்டும். ஆறாவது பூட்டு கழலும் வரை பம்ப் ஓடாது. அமெரிக்காவில் 1989-இல் இது விதியாகவே வந்துவிட்டது. குழுவாக வேலை செய்தாலும் ஆளுக்கொரு பூட்டு என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

"எங்களை நம்பலையா?" என்று அங்கே யாரும் கோபப்படுவதில்லை. ஏன்னா அந்தப் பூட்டு அவரைச் சந்தேகப்பட்டுப் போட்டது இல்லை, அவர் உயிரைக் காப்பாற்றப் போட்டது. பம்ப் பொது, வேலை பொது, பூட்டு மட்டும் சொந்தம். கையில் கிரீஸ் பட வேலை செய்கிறவர்களுக்குப் புரிந்த இந்த விஷயம், ஏ.சி. ரூமில் மெயில் பார்க்கிற நமக்கு ஏன் புரிய மாட்டேங்குது?

சரி, எப்படிச் செய்வது?

மெயிலுக்கும் அந்த ஆறு ஓட்டைக் கொண்டி இருக்கிறது. மூணு விதமாக.

ஒண்ணு, ஜிமெயிலில் டெலிகேஷன். செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ்' பகுதிக்குப் போய், யார் யார் இந்தப் பெட்டியைப் பார்க்கலாம் என்று சேர்க்கலாம். இலவசக் கணக்கிலேயே 10 பேர் வரை. அவரவர் சொந்த லாகினில் வந்து பொதுப் பெட்டியைப் படிக்கலாம், பதில் போடலாம், நீக்கலாம். பாஸ்வேர்டை மாற்ற முடியாது. சாதாரணக் கணக்கில், பதில் போட்டால் யார் அனுப்பினார் என்பதும் பெயருக்குப் பக்கத்தில் தெரியும். ஆள் போனால் பட்டியலில் ஒரு பெயரை நீக்கினால் முடிந்தது. மற்ற ஐந்து பேரும் எதையும் மாற்ற வேண்டாம்.

இரண்டு, மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருக்கும் ஆபீஸ்களில் 'ஷேர்டு மெயில்பாக்ஸ்'. இதற்கென்று தனி லைசென்ஸ் வேண்டாம், 50 ஜி.பி. வரை. அந்தப் பெட்டிக்குள் நேராக லாகின் செய்வதையே அடைத்து வைக்க வேண்டும்; ஆளாளுக்குச் சொந்தக் கணக்கு இருக்கும், அதன் வழியாக உள்ளே வருவார்கள். யார் அனுப்பினார், யார் அழித்தார் என்பது ஆடிட் லாகில் பெயரோடு விழும். ஒரு சின்னக் குறிப்பு: இங்கிருந்து அனுப்பிய மெயிலின் காப்பி, தானாக விட்டால், அனுப்பியவரின் சொந்த 'சென்ட்' பெட்டியில்தான் கிடக்கும், பொதுப் பெட்டியில் இருக்காது. அட்மினிடம் சொல்லி அந்த அமைப்பை மாற்றாவிட்டால், ஒருவர் பதில் போட்டது தெரியாமல் இன்னொருவரும் பதில் போடுவார்.

மூணு, கூகுள் குரூப்ஸில் 'கொலாபரேட்டிவ் இன்பாக்ஸ்'. வந்த மெயிலை "இது உனக்கு" என்று ஒருவர் பேரில் ஒதுக்கலாம், முடிந்ததும் முடிந்தது என்று குறிக்கலாம். நான் முன்னாடி சொன்ன 'யாரோ பாத்துட்டாங்க' வியாதிக்கு இதுதான் மருந்து. சொந்த லாகின் வந்தாலே அந்த வியாதி போயிடாது. மைக்ரோசாஃப்ட் பொதுப் பெட்டியிலும் ஒருவர் படித்தால் எல்லாருக்கும் படித்ததாகத்தான் காட்டும். அதனால் எந்த மெயிலுக்கும் ஒரு சொந்தக்காரர் வேண்டும் என்ற பழக்கம், டெக்னாலஜிக்கு மேலே ஆபீஸில் இருக்க வேண்டும்.

இன்னொரு வித்தியாசமும் தெரிஞ்சு வச்சுக்குங்க. 'சென்ட் ஆஸ்' என்று ஒரு அனுமதி உண்டு, 'சென்ட் ஆன் பிஹாஃப்' என்று ஒரு அனுமதி உண்டு. முதலாவதில் வாங்குபவருக்குப் பெட்டியின் பெயர் மட்டும் தெரியும். இரண்டாவதில் 'இன்னார் சார்பில் இன்னார்' என்று தெரியும். இது புதுசு இல்லை. மெயிலின் தலைப்பகுதியில் 'ஃபிரம்' என்று ஒரு வரி, 'செண்டர்' என்று தனியாக ஒரு வரி இருக்கலாம் என்பது 1982 ஆர்.எஃப்.சி.யிலேயே உண்டு. 2008-இல் வந்த ஆர்.எஃப்.சி. 5322 அதற்கு உதாரணமே ஒரு செக்ரட்டரிதான்: ஒருவருக்காக அவர் செக்ரட்டரி மெயில் அனுப்பினால், எழுதியவர் 'ஃபிரம்' வரியிலும் செக்ரட்டரி 'செண்டர்' வரியிலும் வர வேண்டும். மெயிலை உருவாக்கியவர்களுக்கு ஆபீஸ் எப்படி ஓடும் என்று நல்லாவே தெரிந்திருந்தது. அவர்கள் போட்டுக் கொடுத்த இடத்தை நாற்பது வருஷமாகியும் நாம் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

"இதெல்லாம் சின்ன ஆபீஸுக்கு எதுக்கு தம்பி?"

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். மூணு விதமாக வரும்.

"செலவு ஆகும்" என்பார்கள். காசு கட்டி டொமைன் மெயில் வாங்கும் இடத்தில் ஆளுக்கொரு கணக்கு என்றால் மாசக் கட்டணம் கூடும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஜிமெயில் டெலிகேஷனுக்கு ஒரு பைசா கிடையாது. காசு கட்டுகிற இடத்திலும் ஒரு கன்டெய்னர் ஒரு கப்பலைத் தவறவிட்டால் ஆகும் நஷ்டத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

"நேரம் இல்லை" என்பார்கள். அமைக்க அரை மணி நேரம் போதும். ஆள் மாறும்போதெல்லாம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் பாஸ்வேர்டு மாற்றுவதற்கு ஆகும் நேரம் இதைவிட அதிகம். மாற்றாமலே விட்டால் நேரம் மிச்சம்தான். ஆபத்தும் கூடவே மிச்சம்.

மூணாவதுதான் நம்ம ஊருக்கே உரிய கேள்வி. "நாங்க எல்லாம் ஒரு குடும்பம் மாதிரி. எங்களுக்குள்ள எதுக்குத் தனித்தனிப் பூட்டு?" இதற்குப் பதில் சொல்வது கஷ்டம், ஏன்னா அந்த அன்பு பெரும்பாலும் உண்மையானது. ஆனால் நம்பிக்கை வேற, பதிவு வேற. நம்ம ஊர்க் கடைகளில் சொந்தத் தம்பி கல்லாவில் உட்கார்ந்தாலும் ராத்திரி கணக்கு எழுதாமல் கடையைச் சாத்துவதில்லை. கணக்கு எழுதினால் தம்பி மேலே சந்தேகம் என்று யாரும் சொல்வதில்லை. கணக்கு இருப்பதால்தான் நாளைக்கு ஐநூறு ரூபாய் குறைந்தால் தம்பி மேலே பழி விழாமல் இருக்கிறது.

சட்டத்திலும் ஒரு கத்தி தொங்குகிறது. அதே சட்டத்தின் 66-சி பிரிவு, அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகவோ நேர்மையில்லாமலோ பயன்படுத்தினால் 3 வருஷம் வரை சிறை, 1 லட்ச ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆபீஸே கொடுத்த பாஸ்வேர்டில் ஆபீஸ் வேலை பார்த்தால் அது இந்தக் குற்றம் ஆகாது. கெட்ட எண்ணம் இருக்க வேண்டும். ஆனால் "நீயா பாத்துக்கோ" என்று வாயால் சொல்லிக் கொடுத்த அனுமதிக்கு, சண்டை வந்த அன்றைக்கு யார் சாட்சி சொல்வார்?

வேலைக்குப் போகும் முன்னாடி, இங்கேயே

இது ஏதோ வேலைக்குப் போன பிறகு வரும் பிரச்சினை என்று நினைக்காதீங்க. நம்ம டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஒரு ஜிமெயில் ஐடி இருக்கும். கிளப்புக்கு ஒண்ணு, கல்ச்சுரலுக்கு ஒண்ணு. அதன் பாஸ்வேர்டு பேட்ச் பேட்ச்சாக வாட்ஸ்அப்பில் கைமாறி வரும். பாஸ்வேர்டே டிபார்ட்மென்ட் பெயரும் ஒரு வருஷமும்தான். அந்த வருஷம் நமக்கு மூணு பேட்ச் முன்னாடி. ரெக்கவரி போன் நம்பர் பெங்களூருவில் வேலை பார்க்கும் ஒரு சீனியருடையது. அந்தப் பெட்டிக்குள்ளே வேறு கல்லூரிப் பிள்ளைகளின் பெயர், போன் நம்பர், கட்டணம் கட்டின ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கிடக்கிறது. நம்மை நம்பித்தான் அதையெல்லாம் அனுப்பினார்கள்.

இந்த வாரம் ஒரு மாலை போதும். நாலு வேலை.

பாஸ்வேர்டை மாற்றி, ஸ்டாஃப் அட்வைசர் ஒருவர் பொறுப்பில் வையுங்கள். ரெக்கவரி நம்பரையும் ரெக்கவரி மெயிலையும் இன்றைக்குப் பொறுப்பில் இருப்பவருக்கு மாற்றி, இரட்டைப் பூட்டைப் போடுங்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் பழைய போன்களையும் கம்ப்யூட்டர்களையும் 'டிவைசஸ்' பட்டியலிலிருந்து வெளியேற்றுங்கள். பிறகு இப்போது வேலை செய்யும் கோ-ஆர்டினேட்டர்களை மட்டும் டெலிகேட்டாகச் சேருங்கள். அடுத்த வருஷம் ஜூனியரிடம் ஒப்படைக்கும்போது பழைய பெயர்களை நீக்கி, புதுப் பெயர்களைச் சேர்த்தால் முடிந்தது.

நாளைக்கு ஆபீஸில் அந்த மஞ்சள் சீட்டை யாராவது நீட்டினால், சண்டை போட வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். "அண்ணாச்சி, என் பேர்ல ஒரு லாகின் போட்டு, இந்தப் பெட்டிக்கு அனுமதி குடுத்துருங்க. நான் பதில் போட்டது எதுன்னு உங்களுக்கும் தெரியும்லா?" என்று கேளுங்கள். எப்படிச் செய்யணும்னு தெரியலை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுங்கள். அரை மணி நேர வேலை. முடியாது என்று சொல்லிவிட்டால், குறைந்தபட்சம் நீங்கள் போடும் மெயில் எல்லாவற்றின் அடியிலும் உங்கள் பெயரைப் போடுங்கள், உங்கள் சொந்த ஆபீஸ் ஐடி இருந்தால் அதற்கு ஒரு காப்பியும் அனுப்புங்கள். இது முழுப் பாதுகாப்பு ஆகாது. ஆனால் பழி தேடி வரும் நாளில் உங்கள் பூட்டு எது என்று காட்ட ஒரு அட்டையாவது இருக்கும்.